2,4-டி வருவதற்கு முன்னர் புல்லுக்கு என்ன எண்ணெய் அடித்தார்கள்?

2,4-டி போன்ற களைகொல்லி, அதாவது நம் வட்டையில் (வயல்வெளியில்) புல்லெண்ணெய் என்று சொல்லும் பொருள், 1940களின் நடுப்பகுதியில்தான் வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் உப்புகள்தான்.

1896இல் பிரான்சில் பொன்னே என்பவர், திராட்சை நோய்க்கு அடித்த, செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை பட்டு, காட்டுக்கடுகு என்ற களையின் இலை கருகியதைக் கண்டார். பிறகு செப்புச் சல்பேற்றைத் தனியாகக் கரைத்துக் கோதுமை வயலில் அடித்தார்கள். 3% கரைசல் என்றால் 10 லீற்றர் தண்ணீருக்கு 300 கிராம். காட்டுக்கடுகின் இலை அகலம், சுணை உண்டு, குருத்து வெளியே நிற்கும். துளி தங்கிக் கருக்கிவிடும். கோதுமை இலை ஒடுங்கி நிமிர்ந்தது, மெழுகுப் பூச்சு உள்ளது, குருத்தும் மடலுக்குள், துளி வழிந்தோடும். அதனால் புல்வகைக் களைகளும் தப்பிவிடும். இரும்பு வாளியில் கரைத்தால் கரைசலிலுள்ள செம்பு பிரிந்து வாளியின் சுவரில் படிந்து, மருந்து வீணாகும். அடித்த கையோடு மழை வந்தாலும் அப்படித்தான்.

புல்லை அடியோடு ஒழிக்க சோடியம் ஆசனைற்றும் சோடியம் குளோரேற்றும் இருந்தன. ஆசனைற்றின் உப்புச் சுவைக்கு மாடு வந்து நக்கிச் சாகும். அதிலுள்ள ஆசனிக் என்ற நஞ்சு மண்ணைவிட்டுப் போகாது. குளோரேற்று நனைந்த துணி காய்ந்தால் ஒரு உரசலிலேயே தீப்பற்றும். 1930களில் நியூசிலாந்து விவசாயிகளின் காற்சட்டைகளே வெடித்தன!

வளவுப் புல்லுக்குக் கறியுப்புப் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மட்டக்களப்புக் கரையோர மணலில் வேண்டாம். மாரி மழையோடு உப்பு கீழிறங்கிக் கிணற்றுக்குத்தான் போகும். தென்னங்கன்று பக்கத்தில் நின்றால், உப்பு மிஞ்சினால் அதன் ஓலையும் நுனியிலிருந்து கருகலாம். மண்வெட்டியால் வேரோடு செதுக்குங்கள்.