டார்ட்மூர் மேட்டில் ஓடும் பழைய கல்கரைகள் எதற்காகக் கட்டப்பட்டன?

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் பகுதியில் உள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்தில் புல் மூடிய தாழ்வான கல்கரைகள் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. ரீவ் என்பார்கள். வெண்கலக் காலத்தில், ஏறத்தாழ கி.மு. 1500-ஐ ஒட்டி, நிலத்தைப் பிரிக்கப் போட்ட எல்லைகள் இவை.

அங்கே வாழ்ந்தவர்கள் ஆடுமாடு வளர்த்தார்கள், கொஞ்சம் பயிரும் வைத்தார்கள். பயிருக்குப் பக்கத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்று எந்த விவசாயி வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள், அதே கவலைதான் இவர்களுக்கும். அதனால் வீடுகளை ஒட்டிய நிலத்தை இணையான கரைகளால் பட்டை பட்டையாகப் பிரித்து, மேலே திறந்த மேய்ச்சல் நிலம் தொடங்கும் இடத்தில் குறுக்கே நீளமாக ஒரு கரை போட்டார்கள். சில கரைகள் டார்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கையே தாண்டி அந்தப் பக்கமும் அதே திசையில் போகின்றன, பலர் கூடிப் பேசாமல் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். அப்புறம், டார்ட்மூரிலேயே உள்ள ஷா மூர் என்ற இடத்தில் தோண்டியபோது கால்நடைகளின் குளம்படித் தடங்களே கிடைத்தன!

இவ்வளவு குட்டையான கரை மாட்டை எப்படித் தடுக்கும் என்று பலர் கேட்கிறார்கள். நாம் இன்று பார்ப்பது சரிந்து மண் மூடிய மிச்சம்தான், சில இடங்களில் கல்கரைக்கு முன்பே மரவேலி நின்றதற்கான கம்பக் குழிகளும் கிடைத்திருக்கின்றன.