குழாய் ஸ்பீக்கர் கட்டியவர் பதில்கள்

எங்கள் அத்தா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ரிக்கார்டு ஒன்று பரணில் கிடைத்தது. டெபேஷ் மோட் என்ற குழுவின் 'ஜஸ்ட் கான்ட் கெட் இனஃப்'. எல்பி அளவுக்குப் பெரிசு. ஆனால் பக்கத்துக்கு ஒரே பாட்டு. போட்டால் பாடகர் தூக்கத்தில் உளறுவது போல இழுக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?
– வாசகி, கூத்தாநல்லூர்

கெடவில்லை அம்மா. பிளேயர் நிமிஷத்துக்கு 33 சுற்று வேகத்தில் நிற்கிறது, 45-க்குத் திருப்புங்கள். பெரிய தட்டு என்றாலே 33 என்று நம் கைக்குப் பழக்கம். நானும் ஏமாந்தவன்தான். வலங்கைமான் பக்கம் ஒரு கல்யாணத்தில், துபாய் மாப்பிள்ளை கொடுத்த தட்டை இப்படிப் போட்டுவிட்டேன். பந்தியில் இருந்த பெரியவர் ஒருவர், "மோட்டார்ல கரண்டு கம்மியா தம்பி?" என்று கேட்டார்.

ஒரே பாட்டுக்கு ஏன் இவ்வளவு பெரிய தட்டு? டான்ஸ் கிளப்புக்காக. 7 அங்குலத் தட்டில் நேரத்தைக் கூட்டினால் ஊசி ஓடும் வரிகள் நெருக்கிக்கொள்ளும், சத்தம் குறையும். 12 அங்குலத்தில் இடம் தாராளம். வரிகளை அகலமாக வெட்டலாம், அடிச்சத்தம் திம்மென்று வரும், பாட்டையும் ஆறு நிமிடத்துக்கு மேல் நீட்டலாம். உங்கள் தட்டில் இருப்பது அந்த நீட்டிய வடிவம்தான். குழாய் ஸ்பீக்கரில் இந்த அருமை தெரியாது. குழாய்க்குக் கீச்சுக்குரல்தான் வரும். பெட்டி ஸ்பீக்கரில் கேளுங்கள்.

கறுப்பு உடையும் சோகப் பாட்டுமாக இருக்கும் டெபேஷ் மோட், இப்படி ஒரு துள்ளல் பாட்டை எப்படிப் போட்டார்கள்?
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

எழுதிய கை வேறு தம்பி. லண்டனுக்குக் கிழக்கே பேசில்டன் என்ற ஊர்ப் பையன்கள் நால்வர். அதில் வின்ஸ் கிளார்க்தான் அப்போது பாட்டு எழுதுகிறவர். 1981-ல் வந்த முதல் ஆல்பத்தின் 11 பாட்டில் 9 அவருடையது. அந்த வருஷம் பிப்ரவரியில் வந்த முதல் சிங்கிள், அதாவது ஒற்றைப் பாட்டுத் தட்டு, பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 57-ஆம் இடத்தோடு நின்றது. இரண்டாவது 11. செப்டம்பரில் வந்த இந்த மூன்றாவது பாட்டு 8. ஏறுமுகத்தில் இருக்கும்போதே, வருஷம் முடிவதற்குள் வின்ஸ் கழன்றுகொண்டார். அடுத்த வருஷமே பாடகி அலிசன் மொயெட்டுடன் யாஸூ என்ற ஜோடியாக வந்து 2-ஆம் இடம் பிடித்தார். மிச்சமிருந்த மூவரில் மார்ட்டின் கோர் பேனாவை எடுத்தார். நீங்கள் சொல்லும் இருட்டு மெல்ல மெல்ல அதற்குப் பிறகு வந்ததுதான். வின்ஸ் முகத்தோடு டெபேஷ் மோட் வீடியோ என்று இருப்பது இந்தப் பாட்டுக்கு மட்டும்தான்.

எனக்கு வின்ஸைப் பிடிக்கும். தொடக்கத்தில் வரும் அந்தச் சின்ன மெட்டு, ஒரு முறை கேட்டால் சீட்டியடிக்கலாம். பிரிட்டனில் கால்பந்து ரசிகர்கள் கூட்டமாகப் பாடுவதும் அதனால்தான். மெட்டில் ஒரு சுரம் கூடியிருந்தால் கூட்டம் பாடாது.

டிரம்ஸ் ஆளே இல்லாமல் சின்தசைஸர் பெட்டி போடும் தாளம் தவிலுக்கு ஈடாகுமா?
– வாசகர், மன்னார்குடி

ஈடு கேட்பதே தப்பு. தவில்காரர் நாகஸ்வரக்காரர் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் பிந்துவார், கொஞ்சம் முந்துவார். பெட்டியின் தாளத்தை ஓட்டும் சீக்குவென்ஸர் என்ற கருவி யார் முகத்தையும் பார்க்காது. விட்ட இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும். ஆடுகிறவனுக்கு அதுதான் வசதி, கால் எதிர்பார்த்த இடத்தில் அடி விழும். ஆனால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்கச் சொன்னால் நான் தவில் பக்கம்தான்.

கூத்தாநல்லூர் அம்மாவுக்கு இன்னொன்று: ஐப்பசி ஈரத்தில் தட்டில் வெள்ளைப் பூஞ்சை பூத்திருக்கும். தேங்காய் எண்ணெய் வைத்துத் துடைக்காதீர்கள். அப்படித் துடைத்த தட்டு ஒன்று என்னிடம் வந்தது. ஊசி வழுக்கியே பாட்டு முடிந்துவிட்டது.