மாடித்தோட்டம் கேள்வி - பதில்: செர்ரி தக்காளிப் பூ ஏன் கொட்டுகிறது?

கேள்வி: மொட்டை மாடியில் நான்கு குரோ பேக்கில் செர்ரி தக்காளி வைத்திருக்கிறேன். தை கடைசியில் விதைத்தது. செடி என் தோள் உயரம் வந்துவிட்டது, கொத்துக் கொத்தாகப் பூக்கவும் செய்கிறது, ஆனால் ஒன்றுகூடக் காயாகாமல் கொட்டிவிடுகிறது. பஞ்சகவ்யம், கடலைப்பிண்ணாக்குக் கரைசல், மீன் அமிலம் எல்லாம் மாற்றி மாற்றி ஊற்றிவிட்டேன். இன்னும் என்ன கொடுக்க வேண்டும்?
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: எதுவும் கொடுக்க வேண்டாம், சகோதரி. முதலில் ஊற்றுவதை நிறுத்துங்கள். தோள் உயரம் வளர்ந்து கொத்தாகப் பூக்கிற செடிக்குப் பசி இல்லை. வெயில்தான் காரணம், அதிலும் பகல் வெயிலைவிட ராத்திரிப் புழுக்கம். ராத்திரி வெப்பம் 24 டிகிரிக்கு மேலேயே நின்றுவிட்டால் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்துவிடும், பகலில் 35ஐத் தாண்டினால் இன்னும் மோசம். சித்திரையில் சென்னையில் விடியற்காலையில்கூட 26, 27க்குக் கீழே அவ்வளவாக இறங்குவதில்லை, மாடித் தளமோ பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கக் கக்கிக்கொண்டிருக்கும்.

கீழே விழுந்த பூ ஒன்றை எடுத்துப் பாருங்கள். தக்காளிப் பூக்காம்பின் நடுவில் விரல் முட்டி போலச் சின்னதாக ஒரு கணு உண்டு, சூல் பிடிக்காத பூவைச் செடி அந்த இடத்தில்தான் கழற்றிவிடும். முதலில் கணு மஞ்சளாகும், அப்புறம் லேசாகத் தொட்டாலே பூ கையோடு வந்துவிடும். இப்போது செடியில் விரிந்திருக்கிற பூவைப் பாருங்கள். நடுவில் மஞ்சள் கூம்பு இருக்கும், மகரந்தம் அதற்குள்ளேதான் உதிரும், மகரந்தத்தை வாங்கிக்கொள்கிற பெண் பாகத்தின் நுனியான சூல்முடியும் அதற்குள்ளேயே இருந்தால் தானாகச் சேர்ந்துவிடும். கடும் வெயிலில் அந்தச் சூல்முடி ஊசிமுனை மாதிரி கூம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், மகரந்தம் அதில் படவே படாது. உங்கள் பூக்களில் அப்படி நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பிண்ணாக்கும் மீன் அமிலமும் தழைச்சத்து. அதைக் கூட்டக் கூட்ட இலை கரும்பச்சையாகத் தழைக்குமே தவிர காய் பிடிக்காது. நானும் என் முதல் வருடம் மாசியில் நட்டுவிட்டு, பூ கொட்டக் கொட்ட உரம் போட்டவள்தான், கடைசியில் ஒரு பழம்கூடப் பார்க்கவில்லை, அந்த ஏக்கம் எனக்குத் தெரியும்.

இந்தச் செடியை இப்போது காய்க்க வைக்கப் போராடாதீர்கள், உயிரோடு வைத்திருந்தால் போதும். ஒன்றரை அடி விட்டு மேலே வெட்டிவிடுங்கள். பையைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, 35 சதவீத நிழல் வலை கட்டி, மண் மேல் காய்ந்த இலையை மூடாக்காகப் போடுங்கள். புரட்டாசிக் கடைசியில் இதிலிருந்தே விரல் நீளப் பக்கக் கிளைகளைக் கிள்ளித் தண்ணீரில் வைத்தால் பத்து நாளில் வேர் விடும். இலை சுருண்டு மஞ்சளாகியிருந்தால் மட்டும் அதிலிருந்து எடுக்கக் கூடாது, அது வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ், கிளையோடு வந்துவிடும். அப்படியானால் அதே சமயத்தில் புது விதை போடுங்கள். ஐப்பசி மழையில் கன்றுகளைச் சன்ஷேடு கீழே காப்பாற்றி, கார்த்திகையில் பெரிய பைக்கு மாற்றினால் தைக் கடைசியில் பழம் பறிக்கலாம். காலை எட்டு, ஒன்பது மணிக்குப் பூக்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள், வெயில் குறைந்த மாதத்தில் அந்தச் சுண்டலுக்கே நன்றாகக் காய் பிடிக்கும்.

கேள்வி: பழுக்கிற நேரத்தில் பாதிப் பழம் வெடித்துவிடுகிறது. முட்டை ஓடு போடலாமா?
- வாசகர், கோவை

பதில்: இது தண்ணீரால் வருவது. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் நிறைய ஊற்றினால் உள்ளே சதை சட்டென்று பருக்கும், தோல் ஈடுகொடுக்காமல் கிழியும். தினமும் ஒரே அளவாக ஊற்றுங்கள். மழை வரும்போல இருந்தால் நிறம் மாறத் தொடங்கியதையெல்லாம் பறித்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள், நன்றாகவே பழுக்கும். முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்காகும், வெடிப்புக்கு அது மருந்தில்லை.

கேள்வி: கடையில் டப்பாவில் வாங்கிய செர்ரி தக்காளி விதை முளைக்குமா?
- வாசகி, திருச்சி

பதில்: முளைக்கும். ஆனால் அவை பெரும்பாலும் ஹைபிரிட், அதாவது இரண்டு ரகங்களைச் சேர்த்து உருவாக்கிய கலப்பினம், அதனால் அதே இனிப்பும் அதே அளவும் வரும் என்று எதிர்பார்க்க முடியாது, சில செடியில் பெரிதாக, புளிப்பாக வரும். நன்கு கனிந்த பழத்தைப் பிழிந்து, கொஞ்சம் தண்ணீரோடு டம்ளரில் இரண்டு நாள் வையுங்கள். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு விட்டுப்போனதும் அலசி, தட்டில் பரப்பி நிழலில் காயவையுங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும், எடுக்க வராது.