மழை நேரம் தப்பும் ஊரில் பழைய விவசாய அறிவு உதவுமா?

உதவும், ஆனால் ஓரளவுக்குத்தான். ராமநாதபுரத்துப் புழுதி விதைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடையிலேயே உழுது போட்டுவிட்டு, ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ காய்ந்த மண்ணில் நெல்லைத் தூவி, மேலோட்டமாக ஓர் உழவு ஓட்டி மூடிவிடுவார்கள். கண்மாயில், அதாவது ஊர் ஏரியில், சொட்டுத் தண்ணீர் இருக்காது. விதை புழுதிக்குள் சும்மா கிடக்கும். எறும்பும் பறவையும் தின்றது போக மீதி, முதல் நல்ல மழையில் முளைக்கும்.

லாபம் என்னவென்றால் நாள்தான். கண்மாய் பெருகிய பிறகு நாற்றுவிட்டு நட்டால், கதிர் பால்பிடிக்கும் தை மாதத்தில் தண்ணீர் தீர்ந்துவிடும். புழுதி விதைப்பிலோ வானமழையிலேயே பயிர் வளர்ந்துவிடும். கண்மாய் நீர் கடைசித் தண்ணீருக்கு மிஞ்சும்.

சிக்கல் எங்கே? ஒரு மழை முளைக்க வைத்துவிட்டு இரண்டு மூன்று வாரம் காணாமல் போனால் முளை கருகிவிடும். அதனால்தான் மறுவிதைப்புக்கு என்று கொஞ்சம் விதை வீட்டில் இருக்கும். பருவம் தாறுமாறாகும்போது அந்தக் கையிருப்பும் போதாது. வறட்சிக்குக் குழியடிச்சான், வெள்ளத்துக்கு மடுமுழுங்கி என்று ரகம் பார்த்துத்தான் விதைக்க வேண்டும். நாட்டு நெல் எல்லாமே எதையும் தாங்கும் என்பது வாட்ஸ்அப் பேச்சு.