கான்வி கோட்டை நகரம்: கேள்வி பதில்

வேல்ஸின் வடகரையில், வேல்ஸைக் கைப்பற்றிய இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் கோட்டையும் மதிலும் எழுப்பி உருவாக்கிய கான்வி நகரைப் பற்றி வந்த கேள்விகள்.

கே: சார், கோட்டை, மதில் எல்லாமே நாலஞ்சு வருஷத்தில் முடிந்ததாமே, நம்பலாமா?

நம்பலாம். 1283 வசந்தத்தில் தொடங்கி 1287-க்குள் முடித்துவிட்டார்கள். செலவு சுமார் 15,000 பவுண்டு. வேலை மும்முரமாக நடந்த 1285-ல் ஏறத்தாழ 1,500 பேர். ஆள்களை இங்கிலாந்து முழுவதும் திரட்டிக் கொண்டுவந்தார்கள். உறைபனியில் சுண்ணாம்புச் சாந்து இறுகாது என்பதால் கல்கட்டு வேலை கோடையில்தான் ஓடும். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு மடாலயம் இருந்தது. வேல்ஸ் இளவரசர் மகா லுவெலினைப் புதைத்த மடம் அது. துறவிகளை மேனன் (Maenan) என்ற ஊருக்கு அனுப்பிவிட்டு அங்கேயே ஊரைக் கட்டியது தற்செயல் அல்ல, அதிகாரம் கைமாறியதைக் காட்டத்தான்.

கே: அண்ணா, மதில் கோபுரங்களுக்குப் பின்சுவரே இல்லையே, இடிந்துவிட்டதா?

இல்லைம்மா, கட்டியதே அப்படித்தான். 1.3 கிலோமீட்டர் மதிலில் 21 கோபுரங்கள். மதில்மேல் நடைபாதை ஒவ்வொரு கோபுரத்திலும் அறுந்து நிற்கும், இடைவெளியில் மரப்பலகை போட்டிருப்பார்கள். எதிரி ஒரு துண்டில் ஏறிவிட்டால் இருபக்கமும் பலகையை உருவிவிடலாம், அவன் அங்கேயே மாட்டிக்கொள்வான். கோபுரத்தைப் பிடித்தாலும் பயனில்லை, ஊர்ப்பக்கம் திறந்திருப்பதால் உள்ளேயிருந்து அம்பு வரும்.

கே: மேயரைத் தேர்ந்தெடுத்தது யார்?

யாருமில்லை. 1284 சாசனப்படி கோட்டைத் தலைவரே மேயர். குடியுரிமை பெற்ற நகரத்தார் ஆண்டுதோறும் இரண்டு அதிகாரிகளை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். வணிகச் சங்கம், சுங்கவிலக்கு போன்ற சலுகைகளெல்லாம் இங்கிலாந்திலிருந்து குடியேறுபவர்களை இழுப்பதற்குத்தான். ஓடிவந்த பண்ணையடிமை வரி கட்டிக்கொண்டு ஓராண்டும் ஒரு நாளும் ஊரில் தங்கிவிட்டால் பழைய எசமான் அவனைக் கேட்க முடியாது. மண்ணின் மக்களான வேல்ஸ்காரர்களைக் குடிகளாகச் சேர்க்கக் கூடாது என்பதே கொள்கை. என்னைக் கேட்டால் இது ஊரைவிடப் படைமுகாமுக்கே நெருக்கம்.

கே: தெற்கு மதிலில் வரிசையாகப் பன்னிரண்டு மாடங்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றனவே?

கழிப்பறைகள். பக்கத்தில் வேலை செய்த அரசு ஊழியர்களுக்காக. கழிவு நேரே மதிலுக்கு வெளியே விழும்.

கே: இவ்வளவு காவல் இருந்தும் 1401-ல் கோட்டை எப்படிப் பறிபோனது?

தச்சன் வேடத்தில். ஏப்ரல் 1, புனித வெள்ளி. 15 ஆயுதவீரர்கள், 60 வில்லாளிகள் கொண்ட கோட்டைக் காவல்படையில் பெரும்பாலோர் ஊர்க்கோயிலில் இருந்தார்கள். வழக்கமான வேலைக்கு வருவதுபோல் ஒரு தச்சன் வாசலுக்கு வர, காவலர் இருவரைக் கொன்று, வேல்ஸ் கிளர்ச்சியாளர்களான டியூடர் சகோதரர்கள் ரீஸும் குவிலிமும் நாற்பது ஆள்களோடு உள்ளே புகுந்து கதவைச் சாத்திவிட்டார்கள். படை வெளியே, எதிரி உள்ளே. பிறகு அதே கட்டுமானம் அவர்களைக் காத்தது. கோடைவரை பேரம் நடந்தது. தங்கள் ஆள்களில் ஒன்பது பேரைக் கொலைக்கு ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் மன்னிப்பு வாங்கிக்கொண்டார்கள். இவர்களுடைய இன்னொரு சகோதரர் மரெடித்தின் கொள்ளுப்பேரன்தான் பின்னாளில் இங்கிலாந்து அரசரான ஏழாம் ஹென்றி.

கே: மதில்மேல் இன்றும் நடக்கலாமா சார்?

பெரும்பகுதி நடக்கலாம். மழை பெய்தால் படிகள் வழுக்கும். மேட்டிலுள்ள மேல்வாசலுக்கு அருகிலிருந்து பார்த்தால் ஊர், கோட்டை, ஆறு மூன்றும் ஒரே பார்வையில் விழும்.