காஸ்ரிக் குளிசை: கேட்டவையும் சொன்னவையும்

எங்கள் சனசமூக நிலையத்தின் இந்த மாதக் கேள்வி பதிலுக்கு "காஸ்ரிக் குளிசை" என்று தலைப்புப் போட்டதும் கேள்விகள் குவிந்துவிட்டன. வெளிநாட்டில் இருக்கும் உறவுகளும் எழுதியிருக்கிறார்கள். நான் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவன், டொக்டர் இல்லை. மருந்தை எப்படி எடுப்பது, எதோடு எடுக்கக்கூடாது, எப்போது டொக்டரிடம் ஓடுவது என்பவற்றைச் சொல்லலாம். உங்கள் வருத்தம் இன்னதென்று இங்கிருந்து சொல்ல மாட்டேன்.

சுன்னாகம், வங்கி ஊழியர்: அண்ணை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒமெப்ரசோல் 20 மில்லிகிராம் போடுகிறேன். இரண்டு கிழமையாகியும் நெஞ்செரிவு குறையவில்லை. குளிசை தரமில்லையோ?

குளிசையைக் குறை சொல்ல முதல் நேரத்தைப் பார்ப்போம். இரைப்பைச் சுவரில் அமிலத்தை இறைக்கும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. நாங்கள் சாப்பிடத் தொடங்கும்போதுதான் அவற்றில் பெரும்பாலானவை வேலைக்கு இறங்கும். ஒமெப்ரசோல் ஓடுகிற பம்பைத்தான் பூட்டும். தோட்டக் கிணற்றடியில் நிற்பாட்டி வைத்த மோட்டரைப் போல சும்மா கிடக்கும் பம்பில் அதற்கு வேலை இல்லை. மருந்து இரத்தத்தில் நிற்பதோ சில மணித்தியாலம்தான். சாப்பிட்ட பிறகு விழுங்கினால், அது குடலில் கரைந்து இரத்தத்துக்கு வந்து சேரும்போது பம்புகள் ஓய்ந்துவிட்டிருக்கும்.

அதனால் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்பு எடுக்க வேண்டும். எழும்பியதும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, குளித்து உடுத்து வந்து இடியப்பத்துக்கு உட்கார்ந்தால் கணக்குச் சரி. விழுங்கிவிட்டு ஒரு பிளேன்ரீயோடு வேலைக்கு ஓடிப் பத்தரைக்குச் சாப்பிடுவதும் பிழைதான். பிறகு இன்னொன்று: முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் செல்லும். எரியும்போது மட்டும் ஒன்று போட்டுவிட்டுக் "கேட்கவில்லை" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். உடனடி எரிவுக்கு அமிலத்தைச் சமப்படுத்தும் பாணி மருந்துதான் உதவும்.

ஒரு நாள் மறந்தால் அடுத்த சாப்பாட்டுக்கு முன் எடுங்கள். மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். இப்படி ஒழுங்காக எடுத்தும் இரண்டு கிழமையில் குறையாவிட்டால் டொக்டரைப் பாருங்கள், தம்பி.

கோப்பாய், ஓய்வு பெற்ற ஆசிரியை: மூன்று வருடமாகக் கிளினிக்கில் தருகிறார்கள். நிறுத்திப் பார்த்தேன், முன்பைவிட மோசமாக எரிந்தது. இனிச் சாகும்வரை இதுதானா?

ரீச்சர், உங்கள் கிளினிக் கொப்பியை எடுத்து இந்தக் குளிசை முதன்முதலில் எழுதப்பட்ட பக்கத்தைப் பாருங்கள். என்னத்துக்காகத் தொடங்கினார்கள்? பல கொப்பிகளில் பிறஷர், சீனி, கொலஸ்ரரோல் குளிசைகளோடு இதுவும் ஒரு வரியாக மாதா மாதம் இறங்கி வந்துகொண்டிருக்கும். நோயாளி கேட்பதில்லை, நூறு பேர் வரிசையில் நிற்கும்போது டொக்டருக்கும் நின்று யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. சாதாரண நெஞ்செரிவுக்கு வழக்கமாக 4 முதல் 8 கிழமைதான் கொடுப்பார்கள். அப்புறம் தேவையா என்று பார்க்க வேண்டும்.

நிறுத்தியதும் எரிந்ததற்கு வருத்தம் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. நெடுநாள் அமிலத்தை அடக்கி வைத்தால், உடம்பு அதைச் சுரக்கச் சொல்லும் ஹோர்மோனைக் கூட்டிக்கொண்டே இருக்கும். பூட்டைத் திடீரென்று கழற்றினால் சில கிழமைக்கு அமிலம் வழமையைவிடக் கூடுதலாக வரும். அந்த எரிவைப் பார்த்துப் பயந்துதான் எல்லோரும் திரும்பக் குளிசைக்குப் போகிறார்கள். ஒரேயடியாக விடாமல், 40 எடுத்தவர் 20க்கு இறங்கி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்து, இடையில் எரிந்தால் பாணி மருந்தால் சமாளித்து விடுவது ஒரு வழி. டொக்டரிடம் "இதைக் குறைத்துப் பார்க்கலாமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

ஆனால் எல்லோரும் நிறுத்தக்கூடாது. முன்பு இரைப்பைப் புண்ணில் இரத்தம் போனவர்கள், கமரா விட்டுப் பார்த்து உணவுக்குழாய் கடுமையாகப் புண்ணாகியிருக்கிறது அல்லது அதன் உட்சுவர் மாறியிருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள், தொடர்ந்து டைக்குளோபெனாக் போன்ற நோ மாத்திரை எடுக்க வேண்டியவர்கள் ஆகியோருக்கு இது காவல். பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்தினார் என்று நீங்களும் நிறுத்த வேண்டாம்.

கனடாவிலிருந்து ஒருவர்: அப்பாவுக்குப் போன வருடம் மாரடைப்பு. அஸ்பிரினும் குளோபிடோகிரெலும் எடுக்கிறார். ஒமெப்ரசோலும் சேர்த்துப் போடுகிறார். இணையத்தில் குளோபிடோகிரெலோடு ஒமெப்ரசோல் கூடாது என்று இருக்கிறது. நிறுத்தச் சொல்லட்டுமா?

தொலைபேசியில் நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் வாசித்தது உண்மைதான்: இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் குளோபிடோகிரெலை ஈரலில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றும் நொதியை ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் தடுக்கின்றன. அதனால் அதன் பலன் குறையலாம். இதே வகைக் குளிசையான பன்டோப்ரசோலில் இந்தச் சிக்கல் குறைவு. அதே நேரம் அஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சேர்ந்தால் இரைப்பையில் இரத்தம் கசியக்கூடும், அதைத் தடுக்கத்தான் காஸ்ரிக் குளிசையே எழுதப்பட்டிருக்கும். ஆகவே அதை மாற்ற முடியுமா என்றுதான் கேட்க வேண்டும். அப்பாவை அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் இதய டொக்டரிடம் இதைக் கேட்கச் சொல்லுங்கள். குளோபிடோகிரெலை மட்டும் எக்காரணம் கொண்டும் அவராக விடக்கூடாது.

மானிப்பாய், குடும்பப் பெண்: தைரொயிட் குளிசையும் வெறும் வயிற்றில், காஸ்ரிக் குளிசையும் வெறும் வயிற்றில். எதை முதலில்? இரத்தம் குறைவென்று இரும்புச்சத்தும் தந்திருக்கிறார்கள்.

தைரொக்சினை எழும்பியதும் தண்ணீரோடு எடுங்கள். ஒமெப்ரசோலை அதற்குப் பிறகு, சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன் எடுக்கலாம். இல்லையென்றால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் மாற்ற முடியுமா என்று டொக்டரைக் கேளுங்கள். இடைவெளி விட்டாலும் பிரச்சினை முழுக்கத் தீராது: தைரொக்சின் உடம்பில் சேர இரைப்பை அமிலம் வேண்டும். புதிதாகக் காஸ்ரிக் குளிசை தொடங்கினாலோ விட்டாலோ ஆறு எட்டுக் கிழமையில் தைரொயிட் இரத்தச் சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இரும்புக்கும் இதே கதைதான். அமிலம் குறைந்தால் இரும்பு சரியாகச் சேராது. இரும்பையும், கல்சியத்தையும், பாணி மருந்தையும் தைரொக்சினிலிருந்து நான்கு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். அக்கா, இரத்தம் ஏன் குறைந்தது என்பதையும் கேளுங்கள். காஸ்ரிக் உள்ளவர்களுக்கு இரைப்பையில் மெதுவாகக் கசிவதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நல்லூர், பெயர் எழுதாதவர்: நான் சைவம். சீனிக்கு மெட்போர்மின், காஸ்ரிக்குக்கு பன்டோப்ரசோல், இரண்டும் பல வருடமாக. இப்போது உள்ளங்கால் விறைக்கிறது. சீனியால்தானா?

சீனியாலும் இருக்கலாம், ஆனால் பி12 அளவைப் பார்க்காமல் முடிவு கட்ட வேண்டாம். பி12 விலங்குணவில்தான் இருக்கிறது. பாலும் தயிரும் கொஞ்சம் தரும். உணவிலிருந்து அதைப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். மெட்போர்மினும் பி12ஐக் குறைக்கும். உங்களிடம் மூன்று காரணமும் ஒன்றாக இருக்கின்றன. இரத்தச் சோதனை ஒன்று போதும், குறைந்திருந்தால் ஊசியாலோ குளிசையாலோ நிரப்பலாம்.

காஸ்ரிக் குளிசையை நீண்ட காலம் எடுப்பவர்களில் மக்னீசியம் குறைவதும் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இல் அதற்கு எச்சரிக்கை விட்டது. எலும்பு முறிவு பற்றி 2010இல். இதைக் கேட்டுப் பயந்து தேவையான மருந்தை விடுவதும் கூடாது. நீண்ட நாளாக எடுக்கிறோம் என்பதை டொக்டருக்கு ஞாபகப்படுத்தினால் காணும்.

ஓட்டோ சாரதி, கொக்குவில்: முதுகு நோவுக்கு டைக்குளோபெனாக் போடுவேன். வயிறு எரிந்தால் ஒமெப்ரசோல் ஒன்று. பாமசியில் இரண்டையும் சேர்த்தே தருகிறார்கள்.

சேர்த்துத் தருவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது சில நாளுக்கு. மாதக் கணக்கில் இரண்டையும் ஓட்டினால், எரிவு தெரியாமலே புண் வளரலாம். ஒமெப்ரசோல் குடலின் கீழ்ப் பகுதியைக் காப்பதும் இல்லை. சிறுநீரகத்துக்கும் பிறஷருக்கும் டைக்குளோபெனாக் செய்யும் கெடுதலை எந்த காஸ்ரிக் குளிசையும் தடுக்காது. முதலில் பனடோலைப் பாருங்கள், ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் போகாமல். ஓட்டோவின் ஆசனத்தையும் ஒருக்கால் பாருங்கள். நடுவில் குழி விழுந்த சீற்றில் நாள் முழுக்க இருந்தால் எந்தக் குளிசையும் கேட்காது.

சஷ்டி விரதக்காரர்: ஆறு நாளும் ஒரு நேரச் சாப்பாடுதான். குளிசையை எப்போது எடுப்பது?

அந்த ஒரு சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன். வெறும் தண்ணீரோடு இருக்கிறவர்கள், முன்பு புண் இருந்தால், விரதத்துக்கு முன்பே டொக்டரிடம் கேளுங்கள். பாறணையன்று பசியில் வயிறு முட்டச் சாப்பிட்டு அப்படியே பாயில் சரிவதுதான் பலருக்கு எரிவைக் கொண்டு வருகிறது.

கர்ப்பிணி, சாவகச்சேரி: அம்மம்மா அப்பச்சோடா கரைத்துக் குடிக்கச் சொல்கிறா.

வேண்டாம், பிள்ளை. அதில் உப்புச்சத்து மிக அதிகம். கால் வீக்கமும் பிறஷரும் உள்ள நேரத்தில் அது உதவாது. கல்சியம் அல்லது அல்ஜினேற் சேர்ந்த பாணி மருந்துகள் கர்ப்ப காலத்தில் பொதுவாகப் பாவிக்கப்படுபவை. அதிலும் அடங்காவிட்டால் டொக்டர் வேறு தருவார். மருத்துவமாதுவிடம் கட்டாயம் சொல்லுங்கள். கடைசி மாதங்களில் மேல் வயிற்றில் வலது பக்கம் நோவும், தலையிடியும், கண் மங்கலும் சேர்ந்து வந்தால் அதைக் காஸ்ரிக் என்று நினைத்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சென்னையிலிருந்து மருந்து கொண்டுவந்தவர்: பன்டோப்ரசோலோடு டொம்பெரிடோன் கலந்த கப்சூல். நன்றாகக் கேட்கிறது. தொடரலாமா?

டொம்பெரிடோன் சத்திக்கும் வயிற்று ஊதலுக்கும் கொடுப்பது. அது இதயத் துடிப்பைக் குழப்பக்கூடியது என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் அதன் பாவனையைக் கட்டுப்படுத்தியது: நாளுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், பொதுவாக ஒரு கிழமைக்கு மேல் வேண்டாம் என்று. அறுபதைத் தாண்டியவர்களும் இதய வருத்தம் உள்ளவர்களும் இன்னும் கவனம். மட்டையில் ஒரு பெயர் பெரிதாக இருக்கும். கீழே சிறிய எழுத்தில் இரண்டு மருந்து இருக்கும். அதை வாசித்துவிட்டு முடிவெடுங்கள். முன்பு காஸ்ரிக்குக்குக் கொடுத்த ரனிடிடின் பழைய மட்டை யாரிடமாவது மிச்சமிருந்தால் அதையும் பாவிக்க வேண்டாம். அதில் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடிய என்டிஎம்ஏ என்ற பொருள், வெப்பத்தில் வைத்திருக்க வைத்திருக்கக் கூடுவதாகக் கண்டு 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். எங்கள் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

சங்கானை: அம்மாவுக்கு கப்சூல் தொண்டைக்குள் இறங்காது. உடைத்துக் கரைத்துக் கொடுக்கலாமா?

கப்சூலைத் திறந்தால் உள்ளே கடுகைவிடச் சிறிய உருண்டைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அமிலத்தில் கரையாத பூச்சு உண்டு. அரைத்தாலோ மென்றாலோ பூச்சுப் போய், மருந்து இரைப்பையிலேயே அழிந்துவிடும். ஒரு கரண்டி பழக்கூழில் தூவி, மெல்லாமல் விழுங்க வைத்து, மேலே தண்ணீர் கொடுங்கள். கலந்து வைத்துப் பிறகு கொடுப்பது சரிவராது. குளிசை வடிவில் வருவதை உடைக்கவே கூடாது. கடுதாசிப் பையில் வாங்கியதை அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் வைக்காதீர்கள். ஈரமும் சூடும் பட்டால் வெள்ளை உருண்டைகள் பழுப்பாகும். அப்படி நிறம் மாறியதை எறிந்துவிடுங்கள். அதோடு, விழுங்கச் சிரமம் புதிதாக வந்திருந்தால் அதையே முதலில் டொக்டரிடம் சொல்லுங்கள். தார் போலக் கறுத்த மலம், இரத்தச் சத்தி, காரணமில்லாமல் மெலிதல் இருந்தாலும் அப்படித்தான். வியர்வையோடு நெஞ்சை அமுக்கி, கைக்கோ தாடைக்கோ நோ பரவினால் காஸ்ரிக் என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

உரும்பிராய் இளைஞர்: எங்கள் மிளகாய்த்தூளை விட்டால் காஸ்ரிக் மாறுமா?

தூள் எரிவைக் கிளப்பும். புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் அது இல்லை. புண்ணுக்கு முக்கிய காரணங்கள் இரண்டு: டைக்குளோபெனாக் போன்ற நோ மாத்திரைகள், ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பக்றீரியா. பின்னதைக் கண்டுபிடித்ததற்கு பரி மார்ஷலுக்கும் ரொபின் வொரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்று அழற்சியை வரவழைத்துக் காட்டியவர். உங்களுக்குத் தூள் ஒத்துக்கொண்டால் நண்டுக் கறியை விட வேண்டாம், ஆனால் இரவு பத்து மணிக்குக் கொத்து ரொட்டி சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுப்பதை விடுங்கள். படுக்க இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு முன் சாப்பாட்டை முடியுங்கள். இரவில் எரிந்தால் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கல் வைத்து உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடியும்.

பைலோரிச் சோதனைக்கு, மூச்சுச் சோதனை என்றாலும் மலச் சோதனை என்றாலும், இரண்டு கிழமைக்கு முன்பே ஒமெப்ரசோல் வகைக் குளிசையை டொக்டரைக் கேட்டு நிறுத்த வேண்டும். அன்ரிபயோற்றிக் எடுத்திருந்தால் நான்கு கிழமை. போட்டுக்கொண்டே போனால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.