சிப்ஸ் கறுப்பதற்கு எண்ணெய் காரணமில்லை

வணக்கம். ஒரு வாரம் ஃபிரிட்ஜில் வைத்த உருளைக்கிழங்கில் சிப்ஸ் போட்டால் கறுத்துக் கசக்கிறது, எண்ணெயை மாற்றியும் பலனில்லை என்று எழுதியிருந்தீர்கள். காரணம் ஃபிரிட்ஜ்தான்.

தோண்டியெடுத்த பிறகும் கிழங்கு உயிரோடுதான் இருக்கிறது, சுவாசிக்கிறது. 4 டிகிரி குளிரில் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்கும். முதலில் சுக்ரோஸ் சேரும். அப்புறம் இன்வர்டேஸ் என்ற நொதி அதைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாகப் பிரிக்கும். கொதிக்கும் எண்ணெயில் இவை கிழங்கிலுள்ள அமினோ அமிலங்களோடு வினைபுரிவதால்தான் அந்த நிறமும் கசப்பும். கூடவே, அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அக்ரிலமைடும் உருவாகிறது. பொரித்த உணவில் அது இருப்பதை 2002-இல் ஸ்வீடனில் அறிவித்தார்கள். புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருள் அது. கறுத்த சிப்ஸைத் தயவுசெய்து குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

மீதிக் கிழங்கை எறிந்துவிட வேண்டாம். வெளிச்சம் படாத, காற்றோட்டமுள்ள மூலையில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். சர்க்கரையில் கொஞ்சம் திரும்ப மாவுச்சத்தாகும், கொஞ்சம் சுவாசத்தில் செலவாகும். நடுநடுவே ஒரே ஒரு துண்டைப் பொரித்து நிறம் பாருங்கள். முளை தெரிந்தால் சிப்ஸ் ஆசையை விட்டு, முளையைத் தோண்டி எடுத்துவிட்டுக் குழம்பில் போட்டுவிடலாம். சீவிய துண்டுகளைச் சுடுநீரில் சில நிமிடம் போட்டு, நன்றாக ஈரம் துடைத்துப் பொரித்தாலும் ஓரளவு சர்க்கரை கழியும்.

அடிக்கடி சிப்ஸ் போடுபவரென்றால் ரகத்தையும் கேட்டு வாங்குங்கள். சிம்லாவின் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் சிப்ஸுக்கென்றே உருவாக்கிய குஃப்ரி சிப்சோனா வகைகளில் இந்தச் சர்க்கரை குறைவு.